பொம்மைக் கம்பெனி செய்த துப்பாக்கி

தெற்கு லண்டனில் மெர்ட்டன் என்ற பகுதியில் லைன்ஸ் பிரதர்ஸ் என்றொரு கம்பெனி இருந்தது. 'ட்ரை-ஆங்' என்ற பெயரில் பெடல் கார், தகர வண்டி, பொம்மை வீடு என்று பிள்ளைகளுக்கான சாமான்களைச் செய்து விற்றவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது அரசாங்கத்தின் துப்பாக்கி ஆர்டர் ஒன்று அவர்களிடம் போனது. போர் முடிவதற்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டென் துப்பாக்கிகளைச் செய்து தள்ளிவிட்டார்கள்.

பொம்மைக்காரர்களால் செய்ய முடிந்த ஆயுதம் என்றதும் 'மட்ட சரக்கு' என்றுதான் தோன்றும். பிரிட்டிஷ் சிப்பாய்களே அதைப் பிளம்பரின் கைவேலை என்று நக்கலடித்தார்கள். ஆனால் ஸ்டென்னைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. மலிவாகச் செய்த பாகங்கள் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்தன. ஆளைக் கவிழ்த்தது, எதிரி நாட்டிலிருந்து இரவல் வாங்கிய ஒரு பாகம்.

1940 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டன் தன் படையைக் கப்பலேற்றிக் காப்பாற்றியது; ஆயுதங்களைக் காப்பாற்ற முடியவில்லை. பீரங்கி, லாரி, துப்பாக்கி எல்லாம் பிரான்ஸிலேயே கிடந்தன. ஜெர்மானியர்கள் கடல் தாண்டி எப்போது வருவார்களோ என்ற நிலை. அமெரிக்காவின் தாம்சன் துப்பாக்கியை வாங்கினார்கள். நல்ல ஆயுதம், ஆனால் ஒன்றின் விலை 200 டாலரைத் தொட்டது. என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் மேஜர் ரெஜினால்டு ஷெப்பர்டும் வடிவமைப்பாளர் ஹெரால்டு டர்பினும் உட்கார்ந்து, 1941 ஜனவரியில் ஒரு மாதிரியைச் சுட்டுக் காட்டினார்கள். இருவரின் முதலெழுத்தும் என்ஃபீல்டின் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்ததுதான் ஸ்டென். செலவு 10 டாலர் கணக்கில் முடிந்தது. அதிகம் செய்யப்பட்ட மார்க் 2 வகையில் மொத்தம் 47 பாகங்கள்தான்.

கைத்துப்பாக்கியில் போடும் சிறிய தோட்டாவைத் தோளில் வைத்துச் சடசடவென்று சுடும் ஆயுதத்தைத்தான் சப்-மெஷின் கன் என்கிறார்கள். நம் ஊர் போலீஸ் வழக்கில் 'கார்பைன்'. அந்தத் தோட்டா சிறியது என்பதில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. ரைஃபிள் தோட்டா வெடிக்கும்போது உண்டாகும் அழுத்தம் மிகப் பெரியது. அதைத் தாங்க, குழலின் பின்வாயை இறுக்கிப் பூட்டும் பொறி வேண்டும். அதை நுட்பமாகக் கடைந்து செதுக்க வேண்டும். ஸ்டென்னில் போடும் 9 மி.மீ. தோட்டாவின் அழுத்தம் அவ்வளவு இல்லை. பூட்டே வேண்டாம், கனம் போதும்.

அந்தக் கனம்தான் போல்ட். ஸ்டென்னின் உடம்பு ஓர் இரும்புக் குழாய். போல்ட் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் உருளையான இரும்புக் கட்டி. அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். சைக்கிள் பம்புக்குள் தண்டு ஓடுவதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி புரிந்த மாதிரி.

ஒரு தோட்டா வெடிப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வலப்பக்கக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் போல்ட் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னே போய், அடியிலிருக்கும் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். இப்போது குழலுக்குள் தோட்டா இல்லை. வாய் திறந்தபடி இருக்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி இறங்குகிறது, ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ளுகிறது. போகிற போக்கில் போல்ட்டின் முகம், தோட்டா அடுக்கிய பெட்டியான மேகசினிலிருந்து எட்டிப் பார்க்கும் தோட்டாவின் அடியில் மோதி, அதை உருவிக்கொண்டு போய்க் குழலுக்குள் திணிக்கிறது. போல்ட்டின் முகத்தில் சிறிய முள் போல ஒரு புடைப்பு உண்டு. தனியாக அசையும் ஊசியெல்லாம் கிடையாது. தோட்டா இடத்தில் உட்காரும்போதே அந்தப் புடைப்பு அதன் அடியைக் குத்திவிடுகிறது. வெடி.

வெடிவாயு குண்டை முன்னே தள்ளுகிறது, காலிக் கூட்டைப் பின்னே தள்ளுகிறது. குண்டின் எடை ஏழெட்டு கிராம். கூட்டை அணைத்து நிற்கும் போல்ட்டின் எடை அரைக் கிலோவுக்கு மேல். அதுவும் முன்னோக்கி வந்துகொண்டிருந்த கனம். அதை நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்குள் குண்டு குழலை விட்டே வெளியேறி, உள்ளே அழுத்தம் தணிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் போல்ட் பின்னே வருகிறது. அதன் முகத்திலுள்ள நகம் காலிக் கூட்டைக் கவ்விக்கொண்டு வருகிறது. வழியில் ஒரு முட்டு அதைத் தட்டி வலப்பக்க ஜன்னல் வழியாக வெளியே எறிகிறது. ஸ்பிரிங் மீண்டும் அமுங்குகிறது. விசையில் விரல் இருந்தால் கொக்கி எழுவதில்லை, எல்லாம் முதலிலிருந்து. நிமிடத்துக்கு 500 தோட்டாவுக்குச் சற்று மேல் என்பது இதன் வேகம். 32 தோட்டா கொண்ட மேகசின் நான்கு விநாடிக்குள் காலி.

போல்ட்டின் கனமும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் இந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சுடாதபோது வாய் திறந்தே இருப்பதில் ஒரு லாபம் உண்டு: தொடர்ந்து சுட்டுச் சூடேறிய குழலுக்குள் காற்று போய்வரும், சூட்டில் தோட்டா தானாக வெடிக்கும் ஆபத்து இல்லை. நஷ்டமும் உண்டு. விசையை அழுத்திய பிறகுதான் அரைக் கிலோ இரும்பு முன்னே பாய்கிறது. அந்தக் குலுக்கலில் முதல் குண்டின் குறி தப்பும்.

மற்ற பாகங்களில் சொல்ல அதிகமில்லை. குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலவிடும் வரிக்குழிகள் வழக்கமாக ஐந்தாறு இருக்கும். வேலையைக் குறைக்க, பல ஸ்டென்களில் இரண்டோடு நிறுத்தினார்கள். நூறு கஜ தூரத்துக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தோளில் முட்டுக்கொடுக்க மரக்கட்டைக்குப் பதில் ஓர் இரும்புக் குழாயோ வளைந்த கம்பியோ. குறி பார்க்க ஒரு தகட்டில் ஓட்டை, குழல் நுனியில் ஒரு மூக்கு. ஒவ்வொன்றாகவா, தொடர்ச்சியாகவா என்று தேர்ந்தெடுக்க விசைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும் ஒரு பொத்தான். காலிக்கூடு வெளியேறும் ஜன்னலில் விரலை விட்டால் போல்ட் நசுக்கிவிடும். பொம்மைக் கம்பெனியின் மார்க் 3-இல் ஜன்னலுக்கு முன்னால் விரல் சறுக்காமல் ஒரு தடுப்புத் தகடு வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சாமான் செய்தவர்களிடம் இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மலிவு உண்மையில் ஆளைக் கடித்த இடம் பாதுகாப்பு ஏற்பாடு. கைப்பிடியைப் பின்னே இழுத்து, குழாயிலுள்ள ஒரு பள்ளத்தில் மாட்டிவிட்டால் 'பத்திரம்'. அவ்வளவுதான். போல்ட் முன்னே இருக்கும்போது அதைப் பிடித்து வைக்க ஆரம்ப காலத்தில் எதுவும் இல்லை. தோட்டா நிறைந்த மேகசின் மாட்டிய ஸ்டென்னுடன் ஒருவன் லாரியிலிருந்து குதிக்கிறான், தோள்முட்டு தரையில் இடிக்கிறது. அந்த அதிர்ச்சியில் போல்ட் கொஞ்சம் பின்னே நழுவும். கொக்கியில் மாட்டும் அளவுக்கு வராது. ஆனால் ஒரு தோட்டாவை உருவும் அளவுக்கு வந்துவிடும். ஸ்பிரிங் சும்மா இருக்குமா? விசையில் விரலே இல்லாமல் துப்பாக்கி வெடிக்கும். இப்படிச் சொந்த ஆட்களையே சாகடித்த விபத்துகள் பல. பிறகு கைப்பிடியை உள்ளே அமுக்கி, எதிர்ப்பக்க ஓட்டையில் செருகி, போல்ட்டை அசையாமல் நிறுத்தும்படி மாற்றினார்கள்.

இனி அந்த இரவல் பாகம்.

ஸ்டென்னுக்கு முன்பு பிரிட்டன் ஜெர்மனியின் எம்.பி. 28 துப்பாக்கியை அப்படியே நகலெடுத்து, லான்செஸ்டர் என்ற பெயரில் கடற்படைக்குச் செய்துகொண்டிருந்தது. அதன் மேகசின் அமைப்பைத்தான் ஸ்டென்னும் எடுத்துக்கொண்டது. மேகசினுக்குள் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக, ஒன்றுக்கு ஒன்று ஒதுங்கி அடுக்கியிருக்கும். ஆனால் வாய்க்கு வரும்போது இரண்டு வரிசையும் நெருக்கிக்கொண்டு ஒற்றை வரிசையாக வேண்டும். இரண்டு ஒன்றாகும் அந்தக் கழுத்தில் தோட்டாவோடு தோட்டா உரசும். கொஞ்சம் மணல், கொஞ்சம் சேறு, அடியிலிருந்து தள்ளும் ஸ்பிரிங்கில் கொஞ்சம் தளர்ச்சி: அடைத்துக்கொள்ளும். வாயின் இரு உதடுகளும் மெல்லிய தகடு. கீழே விழுந்து சற்றே நெளிந்தாலும் தோட்டா எட்டிப் பார்க்கும் கோணம் மாறிவிடும். போல்ட் அதைக் குழலுக்குள் அனுப்பாமல் விளிம்பில் முட்டவைக்கும். அனுபவப்பட்ட சிப்பாய்கள் 32 நிரப்பாமல் 28, 30-இல் நிறுத்திக்கொண்டார்கள்.

போதாக்குறைக்கு ஸ்டென்னின் மேகசின் இடது பக்கம் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தாலே கைப்பிடி என்று நினைக்கத் தோன்றும். அதைப் பிடிக்காதே, குழலைச் சுற்றிய உறையைப் பிடி என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். சண்டை நடுவில் யார் கேட்பது? மேகசினைப் பற்றி இழுக்க இழுக்க அது மாட்டியிருக்கும் இடம் தளர்ந்து, தோட்டாவின் கோணம் மாறி, மறுபடி அதே அடைப்பு.

இதில் வேடிக்கை, ஜெர்மானியர்களின் புகழ்பெற்ற எம்.பி. 40-க்கும் இதே இரண்டு-ஒன்று மேகசின்தான். ஒரே பிறவிக்குறையுள்ள மேகசினை வைத்துக்கொண்டு இரண்டு படைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்கத் தாம்சனில் தோட்டா இடமும் வலமும் மாறி மாறி வாய்க்கு வரும், கழுத்து நெருக்கம் கிடையாது. தாம்சனின் விலையைக் கண்டு பயந்தவர்கள், அதன் மேகசினை மட்டும் பார்த்துப் படித்திருக்கலாம்.

1942 மே 27, பிராக் நகரம். ஒரு வளைவில் வேகம் குறைத்த திறந்த காரில் நாஜி ஆட்சியாளர் ரைன்ஹார்டு ஹைட்ரிச். பிரிட்டனிலிருந்து விமானத்தில் வந்து பாரசூட்டில் இறங்கிய யோசெஃப் காப்சீக் மழைக்கோட்டை விலக்கி ஸ்டென்னை நீட்டி விசையை அழுத்தினார். சுடவில்லை. கூட வந்த யான் குபிஷ் எறிந்த குண்டின் சிதறல்தான் ஹைட்ரிச்சைக் காயப்படுத்தியது. ஜூன் 4 அன்று அவர் இறந்தார். உலகத்தில் அதிகம் பேசப்பட்ட துப்பாக்கி அடைப்பு அநேகமாக இதுதான்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டென் நாற்பது லட்சம் அளவில் செய்யப்பட்டது. நாஜிகளின் பிடியிலிருந்த நாடுகளில் வானத்திலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். பிரித்தால் ஒரு பைக்குள் அடங்கும். ஜெர்மன் படையிடம் பறித்த 9 மி.மீ. தோட்டாவே இதற்கும் பொருந்தும். போலந்தின் தலைமறைவுப் படை ஸ்டென்னையும் எம்.பி. 40-ஐயும் கலந்து 'பிளிஸ்காவிட்சா' என்று சொந்தமாகவே ஒன்றை, ரகசியமாக எழுநூறு வரை செய்தது. 1945-இல் ஜெர்மனிக்கே வழியில்லாமல் போய், ஸ்டென்னை நகலெடுத்து எம்.பி. 3008 செய்தது. அதில் மேகசினை மட்டும் பக்கவாட்டிலிருந்து கீழ்ப்பக்கமாக மாற்றிக்கொண்டார்கள்.

நம் பக்கமும் ஸ்டென்னுக்குக் கணக்கு உண்டு. 1947-48 காஷ்மீர்ப் போரில் பரம்வீர் சக்கர விருது பெற்ற நாயக் ஜதுநாத் சிங், 1948 பிப்ரவரி 6 அன்று நௌஷேராவுக்கு அருகே தன் காவல்நிலையில் எல்லோரும் சாய்ந்த பிறகு ஒற்றை ஆளாக ஸ்டென்னோடுதான் எதிரிமேல் பாய்ந்தார். அதே ஆண்டு ஜூலை 18-இல் தித்வாலில் ஹவில்தார் மேஜர் பீரு சிங் கையில் இருந்ததும் அதுவே. இருவரும் உயிர் தப்பவில்லை. இருவரின் விருதுக் குறிப்பிலும் ஸ்டென் பெயரோடு வருகிறது.

பிரிட்டன் ஸ்டென்னுக்கு மாற்றாக 1953-இல் ஏற்றுக்கொண்டது ஸ்டெர்லிங். ஜார்ஜ் பேட்செட் வடிவமைத்தது. அதே குழாய், அதே பூட்டில்லாத கனத்த போல்ட், அதே இடது பக்க மேகசின். பேட்செட் கைவைத்தது இரண்டு இடத்தில். போல்ட்டின் மேல் சாய்வான வரிப்பள்ளங்கள் போட்டார்; மணலும் கரியும் அதில் ஒதுங்கி வழிவிடும். மேகசினைப் புதிதாகவே யோசித்தார்: லேசான வளைவு, இரண்டு வரிசையும் மாறி மாறி வாய்க்கு வரும் அமைப்பு, தோட்டாவைத் தள்ளும் பலகைக்குப் பதில் உருளும் சக்கரங்கள், 34 தோட்டா. அடைப்புப் புகார் ஏறக்குறைய ஓய்ந்தது. (1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் தூக்கிக்கொண்டு அலையும் 'லேசர்' துப்பாக்கி, மேலே ஏதேதோ ஒட்டிய ஸ்டெர்லிங்தான்.)

அதே ஸ்டெர்லிங்கை உரிமம் பெற்று நம் நாட்டில் செய்தது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை. பெயர் 1ஏ1 கார்பைன். ஓட்டைகள் போட்ட குழல் உறையும் இடப்பக்கம் துருத்திய வளைந்த மேகசினுமாக, அமைச்சர்களின் பின்னால் நின்ற காவலர் தோளில் பார்த்திருப்பீர்கள்.

அதன் காலம் முடிவதற்குக் காரணம் பொறியில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. குண்டு துளைக்காத உடை பரவலாகிவிட்ட பிறகு 9 மி.மீ. குண்டு அதில் பட்டு நின்றுவிடுகிறது. கான்பூரில் இப்போது செய்யும் ஜே.வி.பி.சி. கார்பைனில் 5.56 மி.மீ. தோட்டா. அதன் வேகமும் அழுத்தமும் அதிகம் என்பதால் வெறும் கனம் போதாது. வெடிவாயுவைக் கொண்டே இயங்கும், பூட்டும் போல்ட் வைக்க வேண்டியதாயிற்று. மேகசினையும் இஸ்ரேலின் உசி துப்பாக்கியில் இருப்பதுபோல நடுவிலுள்ள கைப்பிடிக்குள்ளேயே செருகுகிறார்கள். பிடிக்காதே என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.