வட்டியும் வளர்ச்சிக் காரணியும்



கடன் வாங்குவோர் பேச்சில் ‘மூன்று வட்டி’ என்னும் சொல் அடிக்கடி நம் காதில் விழும். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்பது அதன் பொருள். கேட்பதற்குச் சிறிய தொகைதான். ஆனால் அச்சிறிய எண்ணுக்குள் மறைந்திருக்கும் ஆற்றலை அடுக்குக்குறிச் சார்பு என்னும் கணிதம் நமக்கு விளக்குகிறது. அதனை இங்கே காண்போம்.

ஒரு குடும்பம் 10,000 ரூபாய் கடன் வாங்கி, வட்டி கட்ட இயலாமல் இருப்பதாகக் கொள்வோம். தனி வட்டியாயின் மாதந்தோறும் 300 ரூபாய் கூடும். ஓராண்டின் முடிவில் கடன் 13,600 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை கூட்டப்படுவதால், இதை வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும்.

கட்டாத வட்டி அசலோடு சேருமானால் நிலைமையே வேறு. முதல் மாதம் கடன் 10,300 ரூபாய். இரண்டாம் மாதம் 10,609 ரூபாய். இம்முறை கூடியது 300 அன்று, 309! கூடும் தொகை மாதந்தோறும் மாறுகிறது. மாறாதது எது? எந்த மாதக் கடனையும் அதற்கு முந்திய மாதக் கடனால் வகுத்துப் பாருங்கள். விடை எப்போதும் 1.03. இதுவே வளர்ச்சிக் காரணி.

மூன்று விழுக்காடு என்பது 0.03 ஆயிற்றே, 1.03 எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கலாம். 1 என்பது ஏற்கெனவே உள்ள கடன், 0.03 என்பது புதிதாகச் சேரும் வட்டி. 0.03ஆல் பெருக்கினால் வட்டி மட்டுமே கிடைக்கும். 1.03ஆல் பெருக்கினால்தான் மொத்தக் கடன் கிடைக்கும்.

பன்னிரண்டு மாதங்களுக்கு 1.03ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். (1.03)¹² ஏறத்தாழ 1.426. ஆகவே ஆண்டு வட்டி நாம் நினைப்பதுபோல் 36 விழுக்காடு அன்று, 42.6 விழுக்காடு! கடன் வளரும் விதத்தைப் பாருங்கள்:

1 ஆண்டில் – 14,258 ரூபாய்
2 ஆண்டுகளில் – 20,328 ரூபாய்
3 ஆண்டுகளில் – 28,983 ரூபாய்
4 ஆண்டுகளில் – 41,323 ரூபாய்

தனி வட்டியில் நான்கு ஆண்டுகளுக்கு 24,400 ரூபாய்தான். கடன் எத்தனை மாதத்தில் இரட்டிக்கும் என்பதை மனக்கணக்காகவே அறியலாம். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 72 ÷ 3 = 24 மாதங்கள்.

காரணி 1ஐவிடப் பெரியதாயின் அளவு வளரும், சிறியதாயின் தேயும். ஆண்டுக்கு 10 விழுக்காடு மதிப்புக் குறையும் தையல் இயந்திரத்தின் காரணி 0.90. காரணி சரியாக 1 ஆனால் வளர்ச்சியும் இல்லை, தேய்வும் இல்லை. மாதந்தோறும் வட்டியை மட்டும் கட்டி வரும் குடும்பத்தின் நிலை இதுவே. எவ்வளவு கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும்!

இதே காரணி சேமிப்போருக்கு நண்பன். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் இட்ட பணம் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் இரட்டிக்கும்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற கொடுமைகளைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. சட்டம் காப்பதோடு நம் அறிவும் நம்மைக் காக்க வேண்டும் அன்றோ? வீட்டில் யாரேனும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இரண்டு கேள்விகள் கேட்போம். வட்டி மாதத்துக்கா, ஆண்டுக்கா? வட்டிக்கு வட்டி உண்டா? விடை தெரிந்தால் காரணி தெரியும். காரணி தெரிந்தால் வரப்போவது தெரியும். தேர்வுக்காகப் படிக்கும் கணிதம் இவ்வாறு நம் இல்லத்தையும் காக்கட்டும்!