ராவல்பிண்டியிலிருந்து ஓக்லா வரை: தில்லி ஹோலி ஃபேமிலி மருத்துவமனையின் கதை

புது தில்லி: 2019 மக்களவைத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த வேளையில், அப்போதைய காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்தியின் குடியுரிமை குறித்து விளக்கம் கேட்டு மத்திய உள்துறை அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பியது. சுப்பிரமணியன் சுவாமியின் புகாரே அதற்கு அடிப்படை. அந்தச் சர்ச்சைக்கு யாரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு சாட்சி கிளம்பினார். வயநாட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், 1970 ஜூன் 19-ம் தேதி ராகுல் பிறந்தபோது தில்லி ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் தாம் பயிற்சிச் செவிலியராக இருந்ததாகவும், குழந்தையைக் கையில் ஏந்தியவர்களில் தாமும் ஒருவர் என்றும் கூறினார். புகார் பிறந்த இடத்தைப் பற்றியதல்ல, பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் ஆவணங்களைப் பற்றியது என்பது வேறு விஷயம். எப்படியோ, அந்த மருத்துவமனையின் பெயர் சில நாள்கள் நாடெங்கும் அடிபட்டது.

பிரதமரின் பேரன் பிறந்த இடம் என்பதற்காக மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மருத்துவமனை அல்ல அது. தென்கிழக்கு தில்லியில், ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஓக்லா சாலையில் 1953 முதல் இயங்கி வருகிறது. கத்தோலிக்கக் கன்னியர் தொடங்கிய மருத்துவமனை. சுற்றிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. சற்றுத் தள்ளி, பிரிவினையில் வந்த பஞ்சாபி அகதிகளுக்காக உருவான லாஜ்பத் நகர், கால்காஜி குடியிருப்புகள்.

இதன் வேர் தில்லியில் இல்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்ற பர்தா கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் மடிவதைப் பொறுக்காத ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன், 1909-ல் அங்கே பெண்களுக்கான மருத்துவமனை ஒன்று அமையக் காரணமாக இருந்தார். ஆனால், மருத்துவர்கள் கிடைக்கவில்லை. கன்னியரே மருத்துவம் படித்து வந்தால் பிரச்னை தீரும் என்று அவர் கருதினார். அதற்குத் தடையாக நின்றது, அவர் பிற்பாடு தழுவிய திருச்சபையின் சட்டமேதான். துறவு வாக்குறுதி எடுத்தவர்கள் மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்றும், கன்னியர் பேறுகாலப் பணியில் ஈடுபடக் கூடாது என்றும் அது விலக்கி வைத்திருந்தது. பிரசவத்தில் சாகும் பெண்ணைக் காப்பாற்றக்கூடிய ஒரே கை, சட்டத்தால் கட்டப்பட்டிருந்தது.

மெக்லாரனுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த அன்னா டெங்கல். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1913-ல் மெக்லாரன் காலமானார். அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவப் படிப்பை முடித்த டெங்கல், 1920-ல் ராவல்பிண்டி வந்து சேர்ந்தார். நோயாளிகளின் கூட்டத்தைத் தனியாளாகச் சமாளிக்க இயலாது என்பதைச் சில ஆண்டுகளிலேயே உணர்ந்து, 1925-ல் வாஷிங்டனில் மூன்று தோழியரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மருத்துவச் சபையைத் தொடங்கினார். அதுவே மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ். இருவர் மருத்துவர்கள், இருவர் செவிலியர்கள். திருச்சபைச் சட்டம் குறுக்கே நின்றதால் முழுமையான துறவு வாக்குறுதி எடுக்காமலேயே பணிபுரிந்தனர். 1936 பிப்ரவரியில்தான் வத்திக்கான் இறங்கி வந்து, கன்னியர் மருத்துவமும் பேறுகாலப் பணியும் செய்ய அனுமதித்தது. இந்திய மண்ணின் தேவை ரோமாபுரியின் சட்டத்தைத் திருத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

ராவல்பிண்டியில் 1927-ல் எழுந்த ஹோலி ஃபேமிலி மருத்துவமனையைத் தொடர்ந்து, அதே பெயரில் பட்னாவிலும் பிற நகரங்களிலும் மருத்துவமனைகள் தோன்றின. 1948-ல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறிய அன்னை தெரசா, கொல்கத்தாவின் சேரிகளுக்குள் நுழையும் முன் அடிப்படைச் செவிலியர் பயிற்சி பெற்றது பட்னா ஹோலி ஃபேமிலியில்தான்.

பிரிவினை இந்தக் குடும்பத்தையும் இரண்டாக்கியது. ராவல்பிண்டி மருத்துவமனை பின்னாளில் பஞ்சாப் மாகாண அரசின் கைக்குப் போய், பழைய பெயருடனேயே அரசு போதனா மருத்துவமனையாக இயங்குகிறது. தில்லி மருத்துவமனையோ காலப்போக்கில் தில்லி கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் பொறுப்புக்கு வந்தது. இன்று 300-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட பல்துறை மருத்துவமனை அது. மகப்பேறும் குழந்தை மருத்துவமும் தொடக்கத்திலிருந்தே இதன் அடையாளம். செவிலியர் கல்வியும் உடன் நடக்கிறது. கேரளத்திலிருந்து வந்து இங்கே பயின்ற பெண்களில் ஒருவர்தான் அந்த வயநாட்டுச் செவிலியர்.

அரசியலிலிருந்து விலகி இருக்க நினைத்தாலும் இதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அது வாய்த்ததில்லை. 2008 செப்டம்பர் 19-ல் அருகிலுள்ள பாட்லா ஹவுஸில் துப்பாக்கிச் சண்டை நடந்தபோது, குண்டடிபட்ட தில்லி போலீஸ் ஆய்வாளர் மோகன் சந்த் சர்மா கொண்டுவரப்பட்டது இங்கேதான். அன்றே அவர் உயிர் பிரிந்தது. அந்த மோதல் குறித்த சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. 2019 டிசம்பர் 15-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸார் ஜாமியா வளாகத்துக்குள் புகுந்து தடியடி நடத்தினர். காயமுற்ற மாணவர்கள் பலர் தூக்கி வரப்பட்டதும் இதே வாசலுக்குத்தான். அடுத்த மாதம், காந்தியடிகள் நினைவு நாளில், ராஜ்காட் நோக்கிப் புறப்பட்ட மாணவர் பேரணி இந்த மருத்துவமனை அருகே தடுத்து நிறுத்தப்பட்டது. போலீஸார் பார்த்துக்கொண்டிருக்க, சிறுவன் ஒருவன் சுட்டதில் கையில் குண்டு பாய்ந்த மாணவருக்கு முதலுதவி கிடைத்ததும் இங்கேதான். போலீஸ்காரரும் வந்தார், போலீஸிடம் அடிபட்டவர்களும் வந்தார்கள்.

2021 ஏப்ரலில் கரோனா இரண்டாம் அலை தில்லியைச் சூறையாடியபோது ஆக்சிஜன் தட்டுப்பாட்டால் நகரின் வேறு மருத்துவமனைகளில் உயிர்கள் பலியாயின. ஹோலி ஃபேமிலியில் படுக்கைகள் நிரம்பி வழிந்து, தள்ளுவண்டிகளிலேயே சிகிச்சை நடந்தது. அந்தக் காட்சிகளை ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி உலகுக்குக் காட்டினார். ஜாமியாவில் படித்தவர் அவர். அதே ஆண்டு ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டு, ஜாமியா மயானத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதே ஓக்லா சாலையில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1988-ல் தொடங்கிய எஸ்கார்ட்ஸ் இதய மருத்துவமனை, அறச் சங்கமாக இருந்து 2000-ல் கம்பெனியாக மாறியது. 2005-ல் ஃபோர்டிஸ் குழுமத்தின் வசமானது. சலுகை விலையில் நிலம் பெற்ற தில்லி மருத்துவமனைகள் உள்நோயாளிகளில் 10 சதவீதம், புறநோயாளிகளில் 25 சதவீதம் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007-ல் உத்தரவிட்டது. அதைக் கடைப்பிடிக்கவில்லை என்று கூறி 2016-ல் தில்லி அரசு ஐந்து மருத்துவமனைகளுக்குச் சுமார் 600 கோடி ரூபாய் செலுத்துமாறு நோட்டீஸ் அனுப்பியபோது, அந்தப் பட்டியலில் ஃபோர்டிஸ் எஸ்கார்ட்ஸும் இருந்தது.

அற மருத்துவமனை என்றாலே எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. மிஷன் மருத்துவமனைகள் கட்டணம் வாங்கியே நடக்கின்றன. பெருநிறுவன மருத்துவமனைகளைவிடக் குறைவு என்பதுதான் நடுத்தர மக்கள் இவற்றை நாடக் காரணம். அந்தக் குறைந்த கட்டணத்தின் சுமையை நெடுங்காலம் தாங்கியவர்கள் இருவர்: ஊதியம் பெறாத கன்னியர், குறைந்த ஊதியம் பெற்ற செவிலியர். கன்னியரின் எண்ணிக்கை எங்கும் சுருங்கி வருகிறது. செவிலியரும் முன்போல் வாய் மூடி இருப்பதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவைத் தொடர்ந்து அமைந்த குழு, 200-க்கு மேல் படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. தில்லி அரசு 2018-ல் அதை உத்தரவாகப் பிறப்பித்தது. எதிர்த்து வழக்குத் தொடர்ந்த மருத்துவமனைகள் சங்கத்தின் மனுவை 2019-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. படுக்கை எண்ணிக்கையைப் பார்த்தால் ஹோலி ஃபேமிலியும் அந்த 200-க்கு மேற்பட்டோர் வரிசையில்தான் வருகிறது. ஊதியத்தை உயர்த்திவிட்டுக் கட்டணத்தை உயர்த்தாமல் இருக்க வேண்டுமானால் அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதற்கு, குழுவின் அறிக்கையிலும் விடையில்லை, அரசின் உத்தரவிலும் விடையில்லை.