கூண்டிடம் கேட்காத கேள்வி

(ஊமைச் சாட்சிகள் – 9)

கண்டி மஹய்யாவையில் நான் போன ஓர் அம்மாவின் காம்பராவுக்கு முன்னால் இரண்டு பேர் எதிர்ப்பட்டால், ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். வாசலில் தொங்கிய பழைய சேலையை விலக்கினால் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் கட்டில், கட்டிலுக்கடியில் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள். கண்டி நகரைச் சுத்தமாக வைத்திருக்க வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த குடும்பம் அது. மூன்று தலைமுறை அந்த அறையில்தான் படுத்தெழும்புகிறது.

அந்த அம்மாவின் மகனுக்குப் போதைத்தூள் பழக்கம். “மூணு மாசம் சிகிச்சைக்கு அனுப்பினோம் தம்பி. அங்க நல்லாத்தான் இருந்தான், வயிறாரச் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகல்ல, திரும்பத் தொட்டுட்டான். ஏன் தம்பி இப்பிடி?”

இந்த ‘ஏன்’ என்ற கேள்விக்காகத்தான் ஆயிரமாயிரம் விலங்குகள் ஆய்வுக்கூடங்களில் செத்திருக்கின்றன.

1962இல் அமெரிக்காவின் அப்ஜான் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வீக்ஸ், எலியின் இரத்தக் குழாயில் நிரந்தரமாக ஒரு குழாயைப் பொருத்தினார். எலி நெம்புகோலை அழுத்தினால் மோர்பின் உள்ளே இறங்கும். எலி அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது. 1969இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே முறையைக் குரங்குகளில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். அளவில்லாமல் கொக்கேயின் கிடைத்த குரங்குகள் இரவு பகல் பாராமல் ஏற்றிக்கொண்டன. வலிப்பு வந்து செத்தன.

அந்தக் காலத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போன செம்முகக் குரங்குகளில் பெரும்பகுதி இந்தியாவில் பிடிக்கப்பட்டவை. மருத்துவ ஆய்வுக்கு மட்டுமே என்ற உறுதிமொழியின் பேரில் அனுப்பப்பட்டவற்றை இராணுவக் கதிர்வீச்சுச் சோதனைக்கும் பயன்படுத்தினார்கள் என்று தெரியவந்தபின், மொரார்ஜி தேசாய் அரசு 1978இல் ஏற்றுமதியையே நிறுத்தியது. நம் பக்கத்தில் ஒரு நாடு எடுத்த நல்ல முடிவுகளில் இதையும் நான் சேர்ப்பேன்.

வீக்ஸின் எலியும் மிச்சிகன் குரங்குகளும் தனியாக அடைக்கப்பட்டிருந்தன. ஓட இடமில்லை, துணையில்லை, செய்ய வேறு வேலையில்லை. இருந்ததெல்லாம் ஒரு நெம்புகோல். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர் 1970களின் இறுதியில் இதைத்தான் கேட்டார்: பழக்கம் மருந்தில் இருக்கிறதா, கூண்டில் இருக்கிறதா? வழக்கமான கூண்டைப்போல 200 மடங்கு இடம் கொண்ட ஓர் அடைப்பைக் கட்டி, மரத்தூள் பரப்பி, ஒளிந்துகொள்ள டப்பாக்கள் வைத்து, ஆணும் பெண்ணுமாக எலிகளை விட்டார். இனிப்புக் கலந்த மோர்பின் தண்ணீரைத் தனிக்கூண்டு எலிகள் குடித்த அளவுக்கு இவை குடிக்கவில்லை. பின்னால் இதே சோதனையைச் செய்துபார்த்த எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கூண்டே இல்லாமலும் விடை கிடைத்தது. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் தேடிப்போய் விசாரித்தார். அடிமையாக இருந்தவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரே முதல் ஆண்டுக்குள் மறுபடி அடிமையானார்கள். அவர்கள் திரும்பியது போர்க்களத்துக்கு அல்ல, வீட்டுக்கு. மஹய்யாவை அம்மாவின் மகன் திரும்பியது எங்கே?

விலங்குச் சோதனை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. அளவு மிஞ்சி ஹெரோயின் ஏற்றி மூச்சு நிற்கப் போகிறவரை மீட்கும் நாலோக்சோன், முதலில் விலங்குகளிடம் சோதிக்கப்பட்ட மருந்துதான். அதனால் உயிர் பிழைத்த பிள்ளையின் தாயிடம் போய் அது பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போதை பிடிக்கும் என்று தெரிந்ததையே தெரிந்துகொள்ள இன்னொரு குரங்கின் நரம்பில் ஊசி ஏற்றுவது குற்றம். ஏற்கெனவே செத்தவை சொல்லிவிட்டுப் போனதைக் கேட்காமல், புதிதாகக் கொல்வது அதைவிடப் பெரிய குற்றம்.

இது எங்கோ நடக்கும் காரியமும் அல்ல. 2023 ஏப்ரலில், நம் இலங்கையின் செங்குரங்குகளில் ஒரு லட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர வெளியிட்டார். மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்றார்கள். அத்தனை குரங்கை எந்த மிருகக்காட்சிச்சாலை வாங்கும், ஆய்வுக்கூடத்துக்குத்தான் என்று சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. அனுப்ப மாட்டோம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அரச தரப்பு சொன்ன பிறகே அது அடங்கியது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத இனம் அது. உடவத்தைக் காட்டிலிருந்து இறங்கி, கண்டிக் கூரைகளில் தாவித் திரிவதும் அதுதான்.

அந்த அம்மாவுக்கு நான் விடை சொன்னேன்: “குறை உங்க மகன்கிட்ட மட்டும் இல்ல அம்மா.” அவர் தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

கண்டியில் வாக்குரிமையுள்ள வாசகர்களே, அடுத்த முறை மாநகர சபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பொலிஸ் சுற்றிவளைப்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். மஹய்யாவையில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை அறை தருவீர்கள் என்று கேளுங்கள்.