மைசூர்பாகு என்றொரு பெயர்

மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தில் பட்சிராஜபுரம் என்றோர் ஊர். ஹக்கி பிக்கி மக்களின் குடியிருப்பு. கன்னடத்தில் ஹக்கி என்றால் பறவை. பறவை பிடித்துப் பிழைத்ததால் வந்த பெயர் இது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பிழைப்பு போயிற்று. மூலிகையும் கூந்தல் எண்ணெயும் விற்க நாடு நாடாய்ப் போனார்கள். 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டபோது அங்கே சிக்கியவர்களில் இவர்களும் உண்டு.

இந்தச் சமூகத்தில் பிள்ளைகளுக்கு இட்டிருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: காபி, ஹைகோர்ட், கூகுள், ஜப்பான், மைசூர்பாகு. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வியப்புதான் வருகிறது. போன இடத்தில் பார்த்தது, ருசித்தது, பெரிதென்று மனதில் நின்றது எல்லாம் பிள்ளையின் பெயராகிவிடுகிறது.

நமக்கு இது புதிதா என்ன? பெயர் தெரியாத சங்கப் புலவர்களை அவர்கள் பாட்டில் வந்த தொடராலேயே அழைத்தார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீர் ஒருவருக்குப் பெயரானது: செம்புலப்பெயனீரார். அணில் விளையாடும் முற்றம் இன்னொருவருக்கு: அணிலாடு முன்றிலார்.

இட்ட பெயர் மெல்ல மெல்லப் பொருளை உதிர்த்துவிடும். ‘மாணிக்கம், இங்கே வா’ என்று கூப்பிடும்போது யாருக்கும் நகைக்கடை நினைவுக்கு வருவதில்லை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் 1843-இல் எழுதியது இதைத்தான்: பெயர் ஆளைச் சுட்டுமே தவிர, அவருடைய குணத்தைச் சொல்லாது. டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் ஓர் ஊருக்கு டார்ட்மவுத் என்று பெயர். ஆறு திசை மாறிப் போனாலும் ஊர்ப்பெயர் மாறவேண்டியதில்லை என்றார். நமக்குப் புதுக்கோட்டை போதும். எத்தனை தலைமுறை போனாலும் அது புதுக்கோட்டைதான். ஹைகோர்ட் என்ற பிள்ளையைத் தினமும் அழைக்கும் தாய்க்கு அந்தச் சொல்லில் தெரிவது கட்டடமல்ல, பிள்ளையின் முகம்.

இவர்கள் வீட்டில் பேசுவது குஜராத்திக்கு நெருங்கிய வாக்ரி மொழி. நம் நரிக்குறவர் பேச்சுக்கும் உறவு. அதற்கெனத் தனி எழுத்து இல்லை. ஆகவே பெயர் முதலில் காதில் பிறக்கிறது; பிறகே பள்ளிப் பதிவேட்டில் கன்னட எழுத்தில் ஏறுகிறது. நகரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. நியூமராலஜி பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம். 2001-இல் ஜெயலலிதா தம் பெயரின் கடைசியில் ஒரு ‘ஏ’ சேர்த்தார். கர்நாடக அரசியல் தலைவர் எடியூரப்பா 2007-இல் தம் பெயரில் மாற்றிய எழுத்துகளை 2019-இல் பழையபடி ஆக்கினார். தமிழிலும் கன்னடத்திலும் அந்தப் பெயர்களின் ஒலி இம்மியும் மாறவில்லை. உச்சரிப்பைத் தொடாத எழுத்துமாற்றம் வாயில்லாத மாற்றம். அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது.

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்களே, ‘மைசூர்பாகு’ என்ற பெயர் வந்தால் சிரிக்காமல், தெளிவாக, மற்றப் பெயர்களைப் போலவே கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளை ‘உள்ளேன் ஐயா’ என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும்.