பழைய கிராஃபிக்ஸ் அட்டையா, புதுசா? மாடல் எண்ணை மட்டும் நம்பாதீங்க

கரோசெல்லில் ஒருவர் பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ அட்டையை விற்கிறார். சிம் லிம் ஸ்குவேர் கடையில் புத்தம் புதிய ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கிறது. முதலாவது, தன் காலத்தில் விளையாட்டு அட்டைகளின் ராஜா. இரண்டாவது, நடுத்தர ரகம். கையில் இருப்பதோ பகுதிநேர வேலையில் சேர்த்த காசு. எதை வாங்குவீங்க?

"புதுசுதான் வேகம்" என்பது பாதி உண்மை. "பழைய ராஜா எப்பவும் ராஜாதான்" என்பதும் பாதி உண்மைதான்.

ஒரே எண்ணிக்கை, வேறு கதை

முதலில் மாடல் எண். என்விடியா அட்டைகளில் முன்னால் வரும் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும், கடைசி இரண்டு இலக்கம் ரகத்தைக் குறிக்கும். 1080 என்றால் 10ஆம் தலைமுறையில் 80 ரகம். 4060 என்றால் 40ஆம் தலைமுறையில் 60 ரகம். 4060 பெரிய எண் என்பதால் எல்லாவற்றிலும் பெரியது என்று அர்த்தமில்லை.

இப்போ மூன்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

2017 மார்ச்சில் 699 அமெரிக்க டாலருக்கு வந்த 1080 டிஐயில் 3,584 கோர்கள், 11 ஜிபி நினைவகம். 2021 பிப்ரவரியில் 329 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் எத்தனை கோர்கள் தெரியுமா? அதே 3,584! நினைவகம் 12 ஜிபி. ரே டிரேசிங் இல்லாத விளையாட்டுகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடும். சிலவற்றில் பழைய அட்டை ஒரு படி முன்னாலும் நிற்கும். பாதி விலைக்கும் குறைவாக அதே வேகம் கிடைக்க நான்கு ஆண்டுகள் ஆகின.

2023இல் வந்த 4060இல் கோர்கள் 3,072தான். நினைவகமும் 8 ஜிபிக்குக் குறைந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் 3060ஐவிடச் சுமார் 20 விழுக்காடு வேகம். எப்படி?

இரண்டு காரணங்கள். ஒன்று, கோர்கள் ஓடும் வேகம். 1080 டிஐயின் அறிவிக்கப்பட்ட உச்ச வேகம் சுமார் 1.6 கிகாஹெர்ட்ஸ். 4060க்கு அது கிட்டத்தட்ட 2.5.

இன்னொன்று, கேஷ் எனப்படும் பக்கத்து நினைவகம். சமைக்கும்போது வெங்காயம் வேண்டும் என்றால் ஃபிரிட்ஜைத் திறந்து எடுப்பது ஒன்று, ஒவ்வொரு முறையும் ஃபேர்பிரைஸ் வரை நடப்பது இன்னொன்று. 3060க்கு இருக்கும் ஃபிரிட்ஜ் 3 எம்பி. 4060க்கு 24 எம்பி. அதனால்தான் கடைக்குப் போகும் பாதை குறுகலாக இருந்தும் (128 பிட், 1080 டிஐக்கு 352 பிட்) அது சமாளிக்கிறது.

சமாளிக்க முடியாத இடம்

ஆனா ஒன்று. 8 ஜிபி நிரம்பிவிட்டால் கதை மாறும். புதிய விளையாட்டுகளில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி போதாமல் போகிறது. அப்போது அட்டை, கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து தகவலை இழுக்க வேண்டும். அந்தப் பாதை ரொம்ப மெதுவு. 4060 அந்தப் பாதையில் 16 தடங்களுக்குப் பதில் 8 மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் மதர்போர்டு பழைய பிசிஐஇ 3.0 என்றால் இன்னும் நெருக்கடி. இப்படிப்பட்ட சமயங்களில் 12 ஜிபி உள்ள பழைய 3060, புதிய 4060ஐ முந்திவிடும்.

அதனால் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. '1% லோ' என்று ஓர் எண் இருக்கும். மிக மெதுவாக வந்த 1 விழுக்காடு ஃபிரேம்களின் வேகம் அது. சராசரி 80 என்று காட்டிவிட்டு அந்த எண் 20 என்றால், விளையாட்டு நடுவே திக்கித் திணறும்.

'4090 வேகம்' என்ற விளம்பரம்

2025 ஜனவரி சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 அட்டை 4090க்கு இணையான செயல்திறன் தரும் என்றார். 4090 வந்தபோது அதன் விலை 1,599 டாலர்! அரங்கில் கைதட்டல்.

அந்தக் கணக்கு எப்படி வந்தது? 5070, தானே வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மேலும் 3 ஃபிரேம் வரை உருவாக்கிச் சேர்க்கும். 4090 ஒன்றுதான் சேர்க்கும். அதை அணைத்துவிட்டு ஒப்பிட்டால் 5070 வெகு பின்னால்.

செயற்கை ஃபிரேம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் 30 ஃபிரேமை 120 ஆக்கினாலும் உங்கள் மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் பதில் 30 ஃபிரேம் வேகத்தில்தான் இருக்கும், சற்றுத் தாமதமாகக்கூட. வாலரண்ட் ஆடுபவருக்கு அது உதவாது. ஒப்பீட்டுப் படம் எதைப் பார்த்தாலும், ஓரத்தில் சின்ன எழுத்தில் 'ஃபிரேம் ஜெனரேஷன்' என்று இருக்கிறதா என முதலில் தேடுங்க.

வேகம் இருந்தும் கதவு மூடினால்

பழைய ராஜாவுக்கு உண்மையான சிக்கல் வேகம் இல்லை. ரே டிரேசிங்குக்கான வன்பொருள் அதில் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்', 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' இரண்டுமே அந்த வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. படத்தரத்தைக் குறைத்தால் ஓடுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

அதோடு, 10ஆம் தலைமுறை அட்டைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், அதன்பின் 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் என்விடியா அறிவித்திருந்தது.

மின்சாரமும் உண்டு. 1080 டிஐ 250 வாட், 4060 115 வாட். தினமும் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் மாதம் சுமார் 16 யூனிட் வித்தியாசம். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் கிட்டத்தட்ட 5 வெள்ளி. ஓர் ஆண்டில் 60 வெள்ளி. அந்தச் சூட்டை அறையிலிருந்து வெளியேற்ற ஏர்கான் போடும் செலவு தனி!

அப்போ எதை வாங்கறது?

வீட்டில் ஏற்கனவே 1080 டிஐ இருந்து, டோட்டா 2, வாலரண்ட்தான் உங்கள் உலகம் என்றால் பேசாமல் இருங்க. மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் என்றால் சுத்தமாகத் தெரியாது.

புதிதாகக் காசு போட்டு வாங்குவதென்றால் 1080 டிஐ வேண்டாம் என்பேன், விலை எவ்வளவு இறங்கினாலும். கையில் காசு குறைவா? 12 ஜிபி உள்ள 3060 பழையதாகக் கிடைத்தால் அதைப் பாருங்க. 8 ஜிபி அட்டையைப் புதிதாக வாங்குவது, படத்தரத்தை நடுத்தரமாக வைத்து விளையாடச் சம்மதிப்பவருக்கு மட்டும்.

பழைய அட்டை என்றால் இன்னொரு விஷயம். 2022 செப்டம்பர் வரை ஈத்தரியம் நாணயத்தை உருவாக்க ஏராளமான அட்டைகள் இரவு பகலாக ஓடின. அவற்றில் பல இன்று கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் முகப்புத் திரையைக் காட்டி "வேலை செய்யுது பாருங்க" என்றால் போதாது. கனமான ஒரு விளையாட்டை 15 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்க. வெப்பநிலை, விசிறிச் சத்தம், திரையில் சம்பந்தமில்லாத புள்ளிகள் தெரிகின்றனவா என்று மூன்றையும் கவனியுங்க. ஓட்டிக் காட்ட மறுத்தால் அடுத்த விற்பனையாளரைப் பாருங்க.