பல் வேரில் சீழ்: உறங்கும் வைரஸுக்கும் பங்கு உண்டா?



சொத்தைப் பல் பத்து நாள் குத்திக் குடைந்துவிட்டுத் திடீரென்று ஓய்ந்துவிடும். "வலிதான் போயிட்டுதே, இனி டாக்டர் எதுக்கு?" என்று இருந்துவிடுகிறோம். வலி போனது பல் குணமானதால் அல்ல. பெரும்பாலும் பல்லினுள் இருந்த நரம்பும் இரத்தக் குழாயும் செத்துப்போனதால்தான். செத்த இடத்தில் பாக்டீரியாக் கிருமிகள் குடியேறி, வேர் நுனி வழியாகத் தாடை எலும்பைத் தொடுகின்றன. அங்கே அழற்சி உண்டாகி எலும்பு கரைகிறது, சீழ் கட்டுகிறது.

மூலகாரணம் பாக்டீரியாதான் என்பது 1965-ல் வெளியான எலிச் சோதனையில் தெளிவாயிற்று. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்து விட்டார்கள். சீழ் பிடிக்கவில்லை, ஆறிவிட்டது. சாதாரண எலிகளுக்கோ பல்லின் உட்சதை அழுகி வேரில் சீழ் கட்டியது.

ஆனால் ஒரே மாதிரிச் சொத்தை ஒருவருக்குச் சும்மா கிடக்க, இன்னொருவருக்குக் கன்னம் வீங்குவது ஏன்? 2000-க்குப் பிறகு வந்த ஆய்வுகளில், வேர் நுனியில் எடுத்த சதையில் ஹெர்பிஸ் குடும்ப வைரஸ்கள் தென்பட்டன. முக்கியமாக எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ என்ற இரண்டு. வலியுள்ள, பெரிதாகிவிட்ட புண்களில் இவை அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன.

ஹெர்பிஸ் என்றதும் கெட்ட நடத்தை என்று பேசுவோர் உண்டு. அது வீண் பேச்சு. இந்த இரண்டும் நம்மில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே எச்சில் முதலியவை மூலம் வந்து, ஆயுள் முழுவதும் உடம்பில் உறங்கிக் கிடப்பவை. சின்னம்மை கண்டவருக்கு வயதான காலத்தில் அக்கி வருகிறதே, அதுவும் இக்குடும்பத்து வைரஸ் ஒன்று உறக்கம் கலைந்து எழுவதுதான்.

பல் வேரில் நடப்பதாகக் கருதப்படுவது இது: சீழை எதிர்க்க ஓடிவரும் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே வைரஸ் ஒளிந்திருக்கிறது. அழற்சியில் அது விழித்து, அந்த அணுக்களின் பலத்தைக் குறைக்கிறது. பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்! எலும்பும் வேகமாகக் கரைகிறது. ஆயினும் வைரஸே நோயை உண்டாக்குகிறது என்பது நிரூபணமாகவில்லை.

ஆகவே இதற்கு வைரஸ் மாத்திரை கேட்காதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கும் ஆன்டிபயாடிக்கும் செத்த பல்லுக்குள் போய்ச் சேராது. அங்கே இரத்த ஓட்டமே இல்லையே! பல் டாக்டர் வேரைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதைச் செய்துகொள்ளலாம். எத்தனையாவது மாதம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.