குழந்தைக்குப் போர்வையா, பையா?

போன மார்கழியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கனடாவில் இருக்கும் என் நாத்தனார் அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு குட்டிப் பை. மேலே கையில்லாத சட்டை மாதிரி கழுத்தும் இரண்டு துவாரமும், கீழே சாக்கு மாதிரி மூடல், நடுவில் ஜிப். குழந்தையை உள்ளே விட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் தலையும் கையும் வெளியே, உடம்பும் காலும் உள்ளே. ஸ்லீப்பிங் பேக் என்று பெயராம்.

என் மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னம்மா, நெல்லு மூட்டை கட்டுற மாதிரி புள்ளையக் கட்டச் சொல்றாளா?” என்றார். அனுப்பியது அவருடைய சொந்த மகள் ஆயிற்றே, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாங்கியிருந்தால் கதை வேறு!

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கோ அந்தப் பை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆவணியில் பிறந்த பேத்திக்கு அப்போது நாலு மாதம் முடிந்திருந்தது. “அப்பாயி, இனிமே பாப்பாவுக்குப் போர்வையே வேண்டாம், இதுதான்” என்றாள். மாமியாரோ பெட்டியிலிருந்து கம்பளியை எடுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டார். மகளுக்குப் பை, மாமியாருக்குக் கம்பளி. நடுவில் நான்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். கொல்லையில் வாய்க்கால், அதைத் தாண்டினால் சம்பா வயல். மார்கழி விடியற்காலையில் பனி புகை மாதிரி வயல் மேல் நிற்கும். வாடைக் காற்று வேறு. பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் சாயங்காலமே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். தலைக்குக் குல்லாய், காதில் பஞ்சு, காலில் சாக்ஸ், ஃபிளானல் துணியில் ஒரு சுற்று, அதற்கு மேல் கம்பளி. நானும் இப்படித்தான் வளர்த்தேன். அப்படி வளர்த்ததில் ஒரு ராத்திரி நடந்ததை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் மகளுக்கு அப்போது நாற்பது நாள். தை மாசம். பால் கொடுக்க மூன்று மணிக்கு எழுந்தேன். பக்கத்தில் கம்பளிதான் தெரிகிறது, குழந்தையின் முகத்தைக் காணோம். உதைத்து உதைத்துக் கம்பளி மேலே ஏறி முகத்தை மூடிவிட்டிருந்தது. இழுத்து எறிந்தேன். தலைமுடி எல்லாம் வியர்வையில் தொப்பலாக நனைந்து, முகம் செக்கச்செவேல் என்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்தி முதுகைத் தடவினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப்போல் சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ‘தூங்கிப் போய்விட்டாளே’ என்று யாராவது சொல்வார்களோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

போன மார்கழியில்தான் மாமியாரிடம் சொன்னேன். கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தக் காலத்துல காலையில எழுந்து பார்த்தா புள்ள அசையாமக் கெடக்கும். மாந்தம்னுவாங்க, காத்து கருப்புன்னுவாங்க. நாங்க என்னத்தக் கண்டோம்?” என்றார். கம்பளி திரும்பப் பெட்டிக்குள் போயிற்று.

அவர் சொன்ன அந்தச் சாவுக்கு இங்கிலீஷ்காரர்கள் ‘தொட்டில் சாவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே போய்விடும். முழுக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் குப்புறப் படுக்க வைப்பது, முகத்தை மூடும் துணி, அளவுக்கு மீறிய சூடு, வீட்டில் சிகரெட் புகை, இவை எல்லாம் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் பெரிய பிரசாரம் நடந்தது. அதற்குப் பிறகு இந்தச் சாவுகள் பாதியாகக் குறைந்தன. முதல் ஒரு வருஷம் குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, மெத்தென்ற ரஜாய், தளர்வான போர்வை, பஞ்சு பொம்மை எதுவுமே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-லும் திரும்பச் சொல்லியிருக்கிறது. போர்வை இல்லாமல் குளிருக்கு என்ன செய்வது? அதற்குப் பதிலாகத்தான் அந்த ஊர்களில் பை. உதைத்தாலும் முகத்துக்கு ஏறாது, விலகியும் போகாது.

ஆக, பை ஜெயித்துவிட்டது என்று என் மகள் குதித்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதில் தைத்திருந்த சீட்டைப் படித்தேன். 2.5 டாக் என்று இருந்தது. டாக் என்பது துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கான அளவு. 2.5 என்றால் அறையின் வெப்பம் 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்கும் இடத்துக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி விடியலில் வெளியிலேயே ஏறத்தாழ 20, 21 டிகிரிதான் இருக்கும். வீட்டுக்குள்? சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தேன். 25 டிகிரி! அந்தப் பஞ்சுப் பைக்குள் குழந்தையைப் போட்டு ஜிப்பை இழுத்தால் கம்பளி செய்த வேலையைத்தான் அதுவும் செய்யும். முகத்தை மூடாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். சூடு சூடுதானே?

நம் ஊரில் இந்தச் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘பனி ஆவாது’ என்பதே காதில் விழுந்துகொண்டிருக்கும். எதிர் வீட்டில் ஒரு குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது, காய்ச்சல் என்று சொல்லி இன்னும் ஒரு துணியைச் சுற்றினார்கள். நான் போய் எல்லாவற்றையும் அவிழ்த்து வெறும் சட்டையோடு விட்டேன். அரை மணியில் சூடு தணிந்து கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குருவாகத் தெரிந்தது. (இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தெர்மாமீட்டரில் 38 டிகிரி, அதாவது 100.4, காட்டினால் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.)

குழந்தைக்குக் குளிர்கிறதா, புழுங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் எல்லோரும் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்போம். சின்னக் குழந்தைக்குக் கையும் காலும் எப்போதுமே கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும், அதை நம்பக் கூடாது. மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக, ஈரம் இல்லாமல் இருந்தால் சரி. பிடரி வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட, மிஞ்சினால் இரண்டு அடுக்கு. அவ்வளவு போதும். ஏ.ஸி. போடும் வீடுகளுக்கும் இதே கணக்குதான்.

குல்லாய் விஷயத்தில்தான் எனக்கும் மாமியாருக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தையே இல்லை. குழந்தையின் உடம்புக்குத் தலை பெரிது, சூடு வெளியேற அதுதான் வழி. பிறந்த சில நாட்களுக்கும், எடை குறைந்த குழந்தைக்கும் குல்லாய் கட்டாயம் வேண்டும். நாலு மாதக் கொழுகொழு குழந்தைக்கு, சாத்திய வீட்டுக்குள், தூங்கும்போது எதற்கு? நழுவி மூக்கின் மேல் வந்தால் அதுவும் போர்வைதான். கடைசியில், வாசலுக்குத் தூக்கிப் போகும்போது குல்லாய், படுக்கையில் கிடையாது என்று உடன்படிக்கை ஆயிற்று.

பைக்கு வருகிறேன். கனடாப் பை ஆகாது, ஆனால் அதன் வெட்டு நல்ல வெட்டு. மாமியாரே மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. அதை இரட்டையாக மடித்து, கனடாப் பையை மேலே வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினேன். உங்களிடம் மாதிரி இல்லாவிட்டால் கழுத்திலிருந்து குதிகால் வரை அளந்து, அதற்குமேல் ஐந்தாறு விரல்கடை விடுங்கள். கழுத்துதான் முக்கியம். மாட்டிய பிறகு துணிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழையலாம், குழந்தையின் தலை உள்ளே நழுவும்படி இருக்கவே கூடாது. கைத் துவாரமும் அப்படியே. கீழே போகப் போக அகலம். காலை நீட்டிக் கட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு சரியாக உட்காராமல் போகும் என்கிறார்கள். தவளை மாதிரி மடக்கி உதைக்க இடம் வேண்டும். இரண்டு தோளிலும் டிச் பட்டன், அடியிலும் வரிசையாக டிச் பட்டன். ராத்திரி ஈரம் மாற்ற அடியைத் திறந்தால் போதும், குழந்தையின் தூக்கம் கலையாது. ஒவ்வொரு தடவை துவைத்த பிறகும் பட்டனை இழுத்துப் பாருங்கள், கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும். நாடா வேண்டவே வேண்டாம்.

மூன்று பை தைத்தேன். இரண்டு வெறும் வேட்டித் துணி, ஒன்று மட்டும் உள்ளே மெல்லிய ஃபிளானல் வைத்தது. அந்த ஃபிளானல் பை மார்கழி முழுவதற்கும் நாலைந்து ராத்திரிதான் தேவைப்பட்டது. உள்ளே ஒரு நூல் சட்டை, நாப்கின், அவ்வளவே. பாயில் கெட்டியான விரிப்பு, மல்லாக்கப் படுக்கை, மேலே கொசுவலை. நம் காவிரிக் கரையில் வலை இல்லாமல் எந்தப் பையும் பிரயோஜனமில்லை!

தூளியைப் பற்றிக் கேட்பீர்கள். தூளி இல்லாமல் நாம் யார் வளர்ந்தோம்? அழுகிற குழந்தையை ஆட்டித் தூங்க வைக்க அதற்கு ஈடு கிடையாது. ஆனால் தூளியில் உடம்பு வளைந்து மோவாய் நெஞ்சில் இடித்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சு நெருக்கும். கண் அசந்ததும் எடுத்துப் பாயில் சமமாகக் கிடத்திவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். பையோடு தூளியில் போடவே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்கு. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தைக்குக் கதை தலைகீழ். அதன் உடம்பில் கொழுப்பு குறைவு, நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. நம் ஊர் வெயில் காலத்தில்கூட அதற்குக் குளிரும். மார்பே சில்லென்று இருக்கும், பால் குடிக்காது, அழுகை ஈனமாகிவிடும். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்று ஒரு காட்டு ஜில்லா. அங்கே டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி 1990-களில் 39 கிராமங்களில் கிராமத்துப் பெண்களையே பச்சிளங் குழந்தைகளைக் கவனிக்கப் பழக்கினார்கள். எடை பார்ப்பது, தாய்ப்பால், நோய்த்தொற்றுக்கு மருந்து, இவற்றோடு எடை குறைந்த குழந்தையைக் கதகதப்பாக வைக்கத் துணிப் பையும் உண்டு. மூன்றே வருஷத்தில் அந்த ஊர்களில் பச்சிளங் குழந்தைச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. 1999-ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையில் இது வந்தது. அதற்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 2007-ல் யோசித்து, பெங்களூரில் வளர்த்தெடுத்த ‘எம்ப்ரேஸ்’ என்ற பை இருக்கிறது. அதற்குள் மெழுகு மாதிரி ஒரு பொருள் வைத்த உறை. அதைச் சூடாக்கி வைத்தால் மணிக்கணக்காக 37 டிகிரியிலேயே நிற்கும்.

ஆனால் எல்லாப் பையையும்விடச் சிறந்தது தாயின் மார்புதான். 1978-ல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே ஆரம்பித்தது. கங்காரு முறை என்கிறார்கள். குழந்தைக்குக் குல்லாயும் நாப்கினும் மட்டும் போட்டு, தாயின் மார்போடு தோல் படும்படி நிமிர்த்தி அணைத்து, மேலே துணியால் கட்டிவிடுவது. எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொல்லி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தாய்க்கு முடியாதபோது அப்பா, பாட்டி யாரும் அணைக்கலாம். இதைக் கேட்டதும் என் மாமியார், “நான் வெச்சுக்கிறேனே” என்றார். எங்கள் பேத்தி அப்போது ஆறரைக் கிலோ!

தை பிறந்ததும் மாப்பிள்ளை வந்து மகளைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார். பெட்டி கட்டும்போது வேட்டிப் பை மூன்றோடு கனடாப் பையையும் எடுத்து வைத்தேன். அங்கே தை மாச ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்குமே. “வீட்டுக்குள்ள எத்தனை டிகிரின்னு பார்த்துட்டுப் போடு” என்று வெப்பமானியையும் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள் போன் வந்தது. “அம்மா, இங்க ரூமுக்குள்ள 20 காட்டுது. அத்தை அனுப்புனதையே போட்டிருக்கேன். பிடரி தொட்டுப் பார்த்தேன், வேர்க்கல.”

மாமியார் போனைப் பிடுங்கி, “என் பொண்ணு அனுப்புனதாச்சே!” என்றார்.